வாட்சா, போனா? சுங்கத்தில் எந்தப் பெயர் சொல்வது?

வாசகர் கேள்வி – பதில்

தூத்துக்குடியில் ஒரு சுங்கத் தரகர் அலுவலகத்தில் 31 வருஷம் பில் ஆஃப் என்ட்ரி (இறக்கும் சரக்குக்காகச் சுங்கத்தில் கொடுக்கும் படிவம்) தயாரிக்கும் வேலை பார்த்தேன். இப்போது ஓய்வு, நாகர்கோவில் வடசேரியில் வாசம். வெளிநாட்டிலிருந்து வரும் எலக்ட்ரானிக் சாமான்களுக்குச் சுங்கத்தில் என்ன பெயர், என்ன எண் என்று கேட்டு நம் மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில் ஆறை இந்த மாதம் எடுத்துக்கொண்டேன். ஆளுக்கொரு சாமானைப் பற்றிக் கேட்டிருந்தாலும் பெரும்பாலான கடிதங்களில் சிக்கல் ஒன்றுதான்: ஒரே கருவி நாலு வேலை செய்தால் அதை எந்தப் பெயரில் கூப்பிடுவது?

கேள்வி: மொபைல் ஆக்சஸரிஸ் கடை வைத்திருக்கிறேன். சீனாவிலிருந்து 200 ஸ்மார்ட்வாட்ச் இறக்க ஆசை. அங்குள்ள வியாபாரி இன்வாய்ஸில் 9102 என்று போட்டுத் தருகிறேன் என்கிறார். இங்கே ஒரு நண்பர் 8517 என்கிறார். எது சரி? எதில் வரி குறைவு?
– ஒரு வாசகர், மார்த்தாண்டம்

பதில்: தம்பி, இரண்டாவது கேள்வியை முதலில் ஒதுக்கி வையுங்கள். வரி குறைந்த எண்ணைத் தேடிப் பிடித்து, அதற்குத் தக்கபடி சாமானுக்குப் பெயர் வைப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். சாமான் என்னவென்று முதலில் தீர்மானியுங்கள். அதிலிருந்து எண் வரும், எண்ணிலிருந்து வரி வரும். இந்த வரிசை மாறக் கூடாது.

உங்கள் நண்பர் சொன்னதுதான் சரி. 9102 என்பது கைக்கடிகாரம். சுங்கத் தீர்வை அட்டவணையின் 91-ஆம் அத்தியாயம் முழுக்கக் கடிகாரங்களும் அவற்றின் பாகங்களும்தான். 8517 என்பது தொலைபேசிகளும், குரலையோ தரவையோ வாங்கி அனுப்பும் கருவிகளும். ஸ்மார்ட்வாட்ச்சை 8517.62-இல் வைக்க வேண்டும் என்று உலகச் சுங்க அமைப்பே முடிவு சொல்லியிருக்கிறது. நம் அரசும் 2018 பட்ஜெட்டில் ஸ்மார்ட்வாட்ச்சின் வரியை 10-லிருந்து 20 சதவீதமாக உயர்த்தியபோது அதே இடத்தில் வைத்துத்தான் உயர்த்தியது.

காரணம் என்ன? என் பேத்தியின் ஸ்மார்ட்வாட்ச்சைக் கழற்றி மேசையில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பின்பக்கம் இதயத் துடிப்பைப் பார்க்கும் பச்சை விளக்கு. பக்கவாட்டில் ஒரு பொத்தான், பக்கத்தில் ஊசிமுனை அளவு துளை, அது மைக். இப்போதுதான் அவள் அம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது. மேசை மேலேயே கிடந்து அதிர்ந்தது. ப்ளூடூத்தை அணைத்துப் பார்த்தேன். மணி காட்டுகிறது, நடந்த அடிகளை எண்ணுகிறது, அவ்வளவுதான். செய்தி இல்லை, அழைப்பு இல்லை. எதற்காகக் காசு கொடுத்து வாங்கினோமோ அது போய்விட்டது. மணி காட்டுவது இதன் உடன்வேலை. போனோடு தகவல் பரிமாறுவதுதான் தொழில்.

அந்த அட்டவணையில் 84, 85 இரண்டு அத்தியாயங்களும் சேர்ந்தது 16-ஆம் பிரிவு. அந்தப் பிரிவின் 3-ஆம் குறிப்பு சொல்வதன் சாரம் இது: இரண்டு மூன்று வேலைகளைச் செய்யும்படி வடிவமைத்த இயந்திரத்தை, அதன் முதன்மையான வேலையை மட்டும் செய்யும் இயந்திரமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். 90-ஆம் அத்தியாயத்தின் கருவிகளுக்கும் இதே குறிப்பு செல்லும் என்று அங்கே தனியாக எழுதியிருக்கிறார்கள். இந்த ஒரு குறிப்பைப் புரிந்துகொண்டால் இந்தப் பக்கத்தில் இருக்கும் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம். ஸ்மார்ட்போனுக்கு மட்டும் இந்த யோசனையே வேண்டாம். அட்டவணையின் 2022 பதிப்பில், கேமரா இருந்தாலும் வழிகாட்டி இருந்தாலும் அது ஸ்மார்ட்போன்தான் என்று 85-ஆம் அத்தியாயத்தின் குறிப்பிலேயே சேர்த்துவிட்டார்கள்.

சீன வியாபாரி தரும் எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். எண்ணின் முதல் ஆறு இலக்கம், இந்த எண் முறையைக் கடைப்பிடிக்கும் நாடுகளுக்கெல்லாம் பொது. 1988 முதல் நடப்பில் இருக்கிறது. கடைசி இரண்டு இலக்கம் நம் நாடு சேர்த்தது. ஆனால் அவர் எழுதித் தருவது அவருடைய அபிப்பிராயம் மட்டுமே. 2011 முதல் இங்கே சுயமதிப்பீடு. இறக்குமதி செய்பவரே வகையும் வரியும் எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். தப்பாக இருந்தால் நோட்டீஸ் மார்த்தாண்டத்துக்கு வரும், சீனாவுக்குப் போகாது.

இதில் நான் பட்ட பாடு ஒன்று உண்டு. 2003-இல் ஒரு பார்ட்டிக்குப் பிரின்ட், காப்பி, ஃபேக்ஸ் மூன்றும் செய்யும் மெஷின்கள் வந்தன. இன்வாய்ஸில் பிரின்டர் என்று இருந்தது. நானும் பிரின்டர் என்றே எழுதினேன். கேட்லாக்கைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. பரிசோதனையின்போது அதிகாரி ஒரு மெஷினைக் கரண்ட்டில் மாட்டச் சொன்னார். தன் சட்டைப் பையிலிருந்த டீக்கடை ரசீதைக் கண்ணாடி மேல் வைத்துப் பச்சைப் பொத்தானை அமுக்கினார். கம்ப்யூட்டர் எதுவும் இணைக்காமலே நகல் வந்து விழுந்தது. "இது என்ன வேலை? இதை யோசிச்சுட்டுத்தான் பிரின்டர்னு எழுதினீங்களா?" என்று கேட்டார். யோசித்து எழுதியிருந்தால் பிரின்டர் என்பதற்கே என்னிடம் நல்ல வாதம் இருந்திருக்கும். யோசிக்காததால் வாயடைத்து நின்றேன். கேட்லாக் வரவழைத்து, விளக்கம் எழுதிக் கொடுத்து, சரக்கு வெளியே வர 11 நாள் ஆனது. அந்த 11 நாளும் சரக்கு துறைமுகத்தில் கிடந்ததற்கான டெமரேஜ் கட்டணத்தை அந்தப் பார்ட்டிதான் கட்டினார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அது இன்றும் எனக்கு வருத்தம்தான்.

அதனால் சொல்கிறேன்: இன்வாய்ஸில் வெறும் வாட்ச் என்று எழுத விடாதீர்கள். ப்ளூடூத் வழியாகப் போனோடு இணையும் ஸ்மார்ட்வாட்ச், இன்ன மாடல், இன்ன வசதிகள் என்று முழுதாக எழுதச் சொல்லுங்கள். கேட்லாக்கின் ஒரு பிரதி கையில் இருக்கட்டும். அப்புறம், எண் சரியாக இருந்தால் மட்டும் சரக்கு வெளியே வராது. ஸ்மார்ட்வாட்ச்சுக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பின் கட்டாயப் பதிவு வேண்டும். ப்ளூடூத் இருப்பதால் தொலைத்தொடர்புத் துறையின் கம்பியில்லாச் சாதன ஒப்புதலும் வேண்டும். தயாரிப்பாளரிடம் அந்த மாடலுக்கு இரண்டும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் அனுப்புங்கள். அனுப்பிவிட்டுப் பார்க்காதீர்கள். 200 வாட்ச் என்பது உங்கள் கடைக்குச் சின்ன முதல் இல்லை என்று எனக்குத் தெரியும்.

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி பிறந்தநாள் பரிசாக ஒரு ஹெட்போனைக் கூரியரில் அனுப்புகிறான். 5,000 ரூபாய் வரை பரிசுக்கு வரி இல்லையாமே?
– ஒரு வாசகி, தக்கலை

பதில்: அது பழைய கதை, சகோதரி. 2019 டிசம்பரில் அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள். உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக் கயிற்றுக்கும் மட்டும் விலக்கு மிச்சம் இருந்தது. பரிசு என்று எழுதினாலும் வரி உண்டு. சொந்த உபயோகத்துக்குத் தபாலிலும் விமானத்திலும் வருவதற்கெல்லாம் 9804 என்று ஒரே தலைப்பு, ஒரே வரி விகிதம். ஆகவே ஹெட்போனா, ஸ்பீக்கரா என்ற ஆராய்ச்சி உங்களுக்குத் தேவையில்லை. உண்மையான விலையை எழுதி பில்லை உள்ளே வைக்கச் சொல்லுங்கள். தம்பி லீவுக்கு வரும்போது பையில் போட்டுக்கொண்டு வந்தால் இன்னும் நல்லது.

கேள்வி: கல்யாண வீடியோ எடுக்கிறேன். என் பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமரா 29 நிமிடம் 59 விநாடியில் தானாக நின்றுவிடுகிறது. போன மாதம் ஒரு சர்ச் கல்யாணத்தில் சரியாக வாக்குறுதி சொல்லும் நேரத்தில் நின்றுவிட்டது. சர்வீஸில் காட்டினால் கோளாறு எதுவும் இல்லை, சுங்க வரிக்காக அப்படி வைத்திருக்கிறார்கள் என்கிறார்கள். உண்மையா? இன்னொன்று, துபாயிலிருந்து ஒரு டிரோன் கேமரா வரவழைக்கலாமா?
– ஒரு வாசகர், திருவட்டாறு

பதில்: உண்மைதான். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. எங்கேயோ ஐரோப்பாவில் எழுதிய ஒரு வரிவிதி, திருவட்டாறுப் பக்கத்தில் ஒரு பெண் வாக்குறுதி சொல்லும் நேரத்தில் வந்து குறுக்கே நின்றிருக்கிறது.

நடந்தது இதுதான். போட்டோ எடுக்கும் டிஜிட்டல் கேமராவுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் அப்போது வரி இல்லை. வீடியோ கேமராவுக்கு வரி இருந்தது. போட்டோ கேமராவிலேயே வீடியோவும் வந்ததும் இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே என்ற கேள்வி எழுந்தது. முதன்மை வேலை எது என்று ஒவ்வொரு மாடலாக வாதாட முடியாதே. எனவே அளவு வைத்துக் கோடு போட்டார்கள்: 800க்கு 600 புள்ளி அல்லது அதற்கு மேல், விநாடிக்கு 23 படம் அல்லது அதற்கு மேல் என்ற தரத்தில், ஒரே தொடராக 30 நிமிடமாவது பதிவு செய்ய முடிந்தால் அது வீடியோ கேமரா. கம்பெனிகள் அந்தக் கோட்டுக்கு ஒரு விநாடி முன்னால் கேமராவை நிறுத்தின. ஒரே மாடலை உலகம் முழுக்க விற்பதால் உங்கள் கைக்கு வந்ததும் அதேதான். சென்சார் சூடாவது, கோப்பின் அளவு என்று வேறு காரணங்களும் சில மாடல்களில் உண்டு. ஆனால் சரியாக 29 நிமிடம் 59 விநாடி என்றால் அது வரிக் கணக்குதான்.

நம் நாட்டிலும் இதே கோடு வந்தது. 2012 மார்ச்சில், டிஜிட்டல் ஸ்டில் கேமராக்களுக்கான வரி விலக்கு அறிவிக்கையில் அதே 800க்கு 600, அதே 23, அதே 30 நிமிடத்தை விளக்கமாகச் சேர்த்தார்கள். அந்த மார்ச்சில் வந்து இறங்கிய கேமராக்களை வைத்து எழுந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கேனான் இந்தியா வழக்கு என்பார்கள். அங்கே கேமரா என்ன வகை என்பதைவிட, நோட்டீஸ் அனுப்பிய வருவாய்ப் புலனாய்வு அதிகாரிக்கு அந்த அதிகாரம் உண்டா என்பதே பெரிய கேள்வியாகிவிட்டது. இல்லை என்று 2021-இல் தீர்ப்பு வந்தது. உண்டு என்று 2024 நவம்பரில் மறுசீராய்வில் மாற்றினார்கள். ஒரு கேமராவின் 30 நிமிடத்திலிருந்து தொடங்கி நாட்டின் அத்தனை சுங்க நோட்டீஸ்களையும் தொட்ட வழக்கு அது.

இப்போது வரும் மிரர்லெஸ் கேமராக்கள் பலவற்றில் இந்த எல்லை இல்லை. வாங்கும்போது தொடர் பதிவு நேரம் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். அதுவரை இரண்டு கேமரா வைத்து, ஒன்றைத் தொடங்கிக் கால் மணி நேரம் கழித்து மற்றதைத் தொடங்குங்கள். ஒன்று நிற்கும்போது மற்றது பாதி வழியில் ஓடிக்கொண்டிருக்கும்.

டிரோன் வேண்டாம். முன்பு அதைக் கேமராவில் சேர்ப்பதா, விமானத்தில் சேர்ப்பதா என்ற வாதம் இருந்தது. 2022 பதிப்பில் 8806 என்று அதற்கே தனித் தலைப்பு வந்துவிட்டது. ஆனால் அந்தப் பெயர்க் குழப்பம் தீர்ந்த அதே வருஷம் பிப்ரவரியில் முழுதாகச் செய்த வெளிநாட்டு டிரோன் இறக்குமதியைத் தடை செய்தார்கள். ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்றவற்றுக்குத்தான் விலக்கு. கல்யாண வீடியோ அதில் வராது. உள்நாட்டில் செய்த, பதிவு எண் உள்ள டிரோனைப் பாருங்கள்.

கேள்வி: என் கணவர் துபாயில் இருக்கிறார். அடுத்த மாதம் லீவில் திருவனந்தபுரம் வழியாக வருகிறார். 43 இன்ச் ஸ்மார்ட் மானிட்டர் ஒன்று வாங்கியிருக்கிறார். கம்ப்யூட்டரிலும் மாட்டலாம், இன்டர்நெட்டில் படமும் பார்க்கலாம். அதை டிவி என்று சொல்லி வரி போடுவார்களா? பழைய லேப்டாப்பும் கொண்டு வருகிறார்.
– ஒரு வாசகி, கருங்கல்

பதில்: பயணியின் பெட்டிக்கும் கண்டெய்னருக்கும் சட்டம் வேறு வேறு, சகோதரி. கூட வரும் சாமானுக்கெல்லாம் 9803 என்று ஒரே தலைப்பு. ஸ்மார்ட்வாட்ச், ஸ்பீக்கர், மிக்ஸி எல்லாம் அங்கே ஒரே குடும்பம். இலவச அளவுக்கு மேல் போனால் மிச்சத்துக்கு ஒரே விகிதம். பல வருஷமாக அது 35 சதவீதமும் அதன் மேல் பத்தில் ஒரு பங்கு சமூக நலக் கூடுதல் வரியும் சேர்த்து 38.5 சதவீதம். இலவச அளவை 2016 விதிகளில் 50,000 ரூபாய் என்று வைத்தார்கள். அரசு இந்தத் தொகையைத் திருத்தும் வழக்கம் உண்டு. அவர் டிக்கெட் போடும் அன்றே சுங்கத் துறையின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளட்டும். 18 வயது முடிந்தவருக்கு ஒரு லேப்டாப் தனியாக இலவசம், அந்தக் கணக்கில் சேராது.

எல்லாம் ஒரே குடும்பம் என்றேனே, அதில் தட்டை டிவி மட்டும் சேராது. 2013 ஆகஸ்ட் 26 முதல் அதற்கு இலவச அளவு கிடையாது. 40,000 ரூபாய் டிவி என்றால் அந்த 40,000-க்கும் வரி, 38.5 சதவீதத்தில் 15,400 ரூபாய். அதனால்தான் டிவியா, மானிட்டரா என்பது உங்கள் வீட்டுக்கும் முக்கியமான கேள்வி ஆகிறது.

பெயரையோ இன்ச்சையோ பார்த்து ஏமாற வேண்டாம். டிவி என்றால் ஒளிபரப்பைத் தானே வாங்கும் டியூனர் உள்ளே இருக்க வேண்டும். பின்பக்கம் ஆன்டெனா ஒயர் மாட்டும் உருண்டைத் துளை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சின்னக் குழாய் மாதிரி இருக்கும். இருந்தால் அது டிவிதான். வரிக்குப் பணம் எடுத்து வைத்துவிடுங்கள். இல்லையென்றால், இணையத்தில் படம் ஓடுவதால் மட்டும் அது டிவி ஆகாது. அட்டவணையிலும் இரண்டும் 8528-க்குள் வேறு வேறு உள்தலைப்புதான். ஆனால் விமான நிலையத்தில் இரவு இரண்டு மணிக்கு அதிகாரி பார்ப்பது ஒரு பெரிய தட்டைப் பெட்டியை. ஆகவே மாடல் எண் தெரியும் அட்டைப் பெட்டியைப் பிரிக்காமல், பில்லோடு, டியூனர் இல்லை என்று தெரியும் விவரத் தாளையும் அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளட்டும். சிவப்பு வழியில் போய் அவரே முதலில் சொல்லட்டும். பச்சை வழியில் போய்ப் பிடிபட்டால் மானிட்டரே ஆனாலும் சந்தேகத்தோடுதான் பேச்சு தொடங்கும்.

லேப்டாப் என்றால் லேப்டாப்தான். திரைக்குள்ளேயே கணினி இருக்கும் ஆல்-இன்-ஒன் அதில் சேராது. அது எடுத்துச் செல்லத்தக்க கணினி வகையா என்று எச்.பி. நிறுவனம் உச்ச நீதிமன்றம் வரை போய், இல்லை என்று 2023 ஜனவரியில் தீர்ப்பு வாங்கியது. எடை 10 கிலோவுக்குள் இருந்தால் மட்டும் போதாது, வழக்கமாகக் கையோடு தூக்கிப் போய்ப் புழங்கும்படி இருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். விக்கிபீடியாவை நம்பி வகைப்படுத்துவதில் கவனம் வேண்டும் என்று அதிகாரிகளுக்கும் அந்தத் தீர்ப்பிலேயே சொன்னார்கள். எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்பு அது.

கேள்வி: ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். காப்பி, பிரின்ட், ஸ்கேன் மூன்றும் செய்யும் பழைய மெஷினை வெளிநாட்டிலிருந்து நேரடியாக இறக்கினால் லாபமா? அதற்கு எண் என்ன?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: பழையதை நீங்களாக இறக்க முடியாது. பழைய மல்டிஃபங்ஷன் மெஷின்கள் கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் இருக்கின்றன. வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் வந்த மெஷின்கள் துறைமுகத்தில் கிடந்து துருப்பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

எண் 8443.31. பிரின்ட், காப்பி, ஃபேக்ஸ் இவற்றில் குறைந்தது இரண்டைச் செய்து, கணினியிலோ நெட்வொர்க்கிலோ சேரக்கூடியது என்று சட்டமே எழுதியிருக்கிறது. இது 2007-இல் வந்த தலைப்பு. நான் 2003-இல் மாட்டியபோது இது இல்லை. பிரின்டருக்கு ஓர் இடம், போட்டோகாப்பியருக்கு ஓர் இடம், ஃபேக்ஸுக்கு ஓர் இடம். மூன்றும் சேர்ந்ததற்கு இடமில்லை. அந்தக் காலத்து மெஷின்களைப் பற்றிய ஜெராக்ஸ் இந்தியா வழக்கில் 2010-இல்தான் உச்ச நீதிமன்றம் அச்சடிப்பதே முதன்மை வேலை, ஆகவே 8471-இல் கணினியோடு சேரும் பிரின்டர்தான் என்று முடித்தது. ஏழு வருஷம் முன்னால் அந்த டீக்கடை ரசீதுக்கு முன்னால் நான் சொல்லியிருக்க வேண்டிய வாதம் அதுதான்.

இதே மெஷினுக்காக நாடுகளே சண்டை போட்டிருக்கின்றன. கணினி சார்ந்த சாமான்களுக்கு வரி போடுவதில்லை என்று 1996-இல் உலக அளவில் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். அதன் பிறகும் ஐரோப்பிய ஒன்றியம், நிமிடத்துக்கு 12 பக்கத்துக்கு மேல் நகலெடுக்கும் மெஷினுக்கு 6 சதவீதம் போட்டது. அமெரிக்காவும் ஜப்பானும் தைவானும் 2008-இல் உலக வர்த்தக அமைப்புக்குப் போயின. செட்-டாப் பாக்ஸ், தட்டைத் திரை இரண்டும் கூடவே அந்த வழக்கில் இருந்தன. 2010-இல் ஐரோப்பா தோற்றது. புது வசதி சேர்ந்ததால் பழைய வாக்குறுதியிலிருந்து சாமான் வெளியே போய்விடாது என்பதுதான் வழக்குத் தொடுத்தவர்களின் வாதம்.

கேள்வி: தங்கல் தொழிலுக்கு (பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிப்பது) போகும் விசைப்படகு எங்களுடையது. ஜி.பி.எஸ்., கடல் மேப், எக்கோ சவுண்டர் மூன்றும் ஒரே திரையில் வரும் கருவியை எங்கள் சங்கத்தின் மூலமாக நேரடியாக இறக்கலாம் என்று பேச்சு. எந்தப் பெயரில் எழுதுவது? மஸ்கட்டில் இருக்கும் மச்சான் ஒரு சேட்டிலைட் போனும் கொண்டு வருகிறேன் என்கிறான்.
– ஒரு வாசகர், தூத்தூர்

பதில்: முதலில் போன் விஷயம். இன்று ராத்திரியே மச்சானைக் கூப்பிட்டு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். துராயா, இரிடியம் சேட்டிலைட் போன்களை அனுமதி இல்லாமல் கொண்டு வருவதே நம் நாட்டில் குற்றம். வரி கட்டி வெளியே எடுக்கும் சாமான் இல்லை அது; போலீஸ் வழக்கு. ஒக்கிப் புயல் வந்த 2017 நவம்பர் 30-ஐ உங்கள் ஊருக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. ஆழ்கடலில் நின்ற படகுகளுக்குத் தகவல் சொல்ல வழி இல்லாமல் போனதை இங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த ஏக்கத்தில்தான் மச்சானும் சொல்கிறான், எனக்குப் புரிகிறது. அதற்கு நேர்வழி இருக்கிறது. இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டரை 1,00,000 படகுகளுக்கு இலவசமாகப் பொருத்தும் திட்டத்தை 2024 ஆகஸ்ட்டில் தொடங்கினார்கள். செல்போன் எட்டாத இடத்திலும் செய்தி போகும், வரும். மீன்வளத்துறை அலுவலகத்தில் உங்கள் படகு அதில் இருக்கிறதா என்று கேளுங்கள். சேட்டிலைட் போனே வேண்டுமென்றால் பி.எஸ்.என்.எல். வழியாக அனுமதியோடு வாங்குங்கள்.

இனி கருவி. கரையில் மலையைப் பார்த்துக் கணியம் பிடித்து (இடத்தைக் கணித்து), பாரை (மீன் சேரும் கடலடிப் பாறைத் திட்டை) கண்டுபிடித்தார்கள் உங்கள் அப்பாக்கள். இன்று இந்தப் பெட்டி அந்த வேலையை இரண்டாகப் பிரித்துச் செய்கிறது. படகு எங்கே நிற்கிறது என்பதைச் செயற்கைக்கோள் ரேடியோ அலையில் ஜி.பி.எஸ். சொல்கிறது, அதன் இடம் 8526. அடியில் எவ்வளவு ஆழம், மீன் கூட்டம் எங்கே என்பதைத் தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி, திரும்பி வருவதைக் கேட்டு எக்கோ சவுண்டர் சொல்கிறது. அதன் இடம் 9014. ஒன்று 85-ஆம் அத்தியாயம், மற்றது 90-ஆம் அத்தியாயம். ரேடியோவும் ஒலியும் ஒரே திரையில் சேர்ந்ததுதான் சிக்கல்.

மறுபடி அதே கேள்விதான்: முதன்மை வேலை எது? நீங்கள் எதற்காக வாங்குகிறீர்கள் என்பதை வைத்து அல்ல, கருவி எதற்காகச் செய்யப்பட்டது என்பதை வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு மாடலின் கேட்லாக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் முதல் பக்கம் முழுக்க அதிர்வெண், ஆழம், கதிர் அகலம், ஜி.பி.எஸ். கடைசியில் ஒரு வரி. அது மீன் தேடும் கருவி, 9014 என்று வாதாடலாம். இன்னொன்றில் மேப், பாதை, ரேடார் இணைப்பு எல்லாம் முன்னால், சோனார் வேண்டுமென்றால் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம் என்று இருக்கும். அது வழிகாட்டும் கருவி, 8526. இரண்டும் சரிக்குச் சரி, எது முதன்மை என்று சொல்லவே முடியாது என்றால், அட்டவணையை வாசிப்பதற்கான பொது விதி 3-இன் கடைசி உட்பிரிவு: தகுதியுள்ள தலைப்புகளில் எண் வரிசையில் கடைசியாக வருவதை எடுக்க வேண்டும். அப்போது 9014.

ஒரு சங்கம் பல படகுகளுக்குச் சேர்த்து இறக்கப் போவதால், சரக்கு ஏறும் முன்பே சுங்க முன்தீர்ப்பு ஆணையத்திடம் எழுதிக் கேட்டு வாங்கிவிடலாம். டெல்லியிலும் மும்பையிலும் இருக்கிறது. அது சொல்லும் வகை கேட்டவரையும் சுங்கத்தையும் கட்டுப்படுத்தும். சட்டம் மாறாவிட்டால் மூன்று வருஷம் செல்லும். தூத்துக்குடியில் நல்ல தரகர் ஒருவரிடம் மனு எழுதக் கொடுங்கள். கருவியில் ரேடியோவோ ப்ளூடூத்தோ வைஃபையோ இருந்தால் நான் மார்த்தாண்டம் தம்பிக்குச் சொன்ன கம்பியில்லாச் சாதன ஒப்புதல் உங்களுக்கும் வேண்டும்.

இன்னொன்று. படகின் அடியில் பொருத்தும், ஒலியை அனுப்பி வாங்கும் டிரான்ஸ்டியூசரைத் தனிப் பார்சலில் அனுப்பினால் விலை குறையும் என்று விற்பவர் சொல்வார். ஒத்துக்கொள்ளாதீர்கள். திரையும் டிரான்ஸ்டியூசரும் சேர்ந்து வந்தால் ஒரே வேலையைச் செய்யும் ஒரே கருவி என்று சொல்லலாம். பிரிந்து வந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி எண், தனி வாதம். திரை மட்டும் வந்த பெட்டியில் மீன் தேடும் வேலையை அதிகாரிக்கு நீங்கள் காட்டவே முடியாது. ஒரே பெட்டி, ஒரே இன்வாய்ஸ் என்று ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள்.